வயற்காட்டுத் தொகுதியில் வாக்கு எதைப் பார்த்து விழுகிறது?

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருந்தீர்கள். டில்லி எல்லையில் ஒரு வருடத்துக்கு மேல் விவசாயிகள் குந்தியிருந்து மூன்று வேளாண் சட்டங்களையும் வாபஸ் வாங்க வைத்தார்கள். 2021 நவம்பரில் பிரதமர் அதை அறிவித்தார். அடுத்த மார்ச்சிலேயே உத்தரப் பிரதேசத்தில் அதே பாஜக 403 இடங்களில் 255ஐப் பிடித்தது. அப்படியென்றால் கிராமத்துச் சனம் காசை வாங்கிக்கொண்டு வாக்கைப் போடுகிறதா என்பது ஒன்று. இத்தனை கோடி விவசாயிகள் இருந்தும் அவர்களுக்கென்று ஒரு கட்சி ஏன் நிலைக்கவில்லை என்பது மற்றது. கிளிநொச்சிப் பக்கம் கமம் செய்த குடும்பம், இப்போது கொழும்பில் வேலை என்றும் எழுதியிருந்தீர்கள். அதை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: வயலில் வருகிற கோபம் வாக்குப்பெட்டிவரை போய்ச் சேருமா?

எப்போதாவது சேரும். மற்ற நேரங்களில் ஆற்றுத் தண்ணீர் மாதிரி வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, கடைசி வயலுக்குப் போகுமுன்னே ஈரம் மட்டும்தான் மிஞ்சும்.

நான் இங்கே ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நெடுங்காலம் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பார்த்தவன். இந்தியத் தேர்தல் என்றால் இரவிரவாக முடிவுகளைக் கூட்டிக் கழித்துப் பக்கம் கட்டுகிற வேலை. மனைவி வழிச் சொந்தம் காவிரி டெல்டாவில் இருப்பதால் தேர்தல் நேரத்தில் அங்கே போய் நின்றதும் உண்டு. அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று. யார் எத்தனை வாக்கு எடுத்தார் என்பது உறுதியான தகவல். எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை விழுந்தது என்பதுகூட இந்தியாவில் படிவம் 20 என்ற ஆவணமாக வெளியே வந்துவிடும். ஏன் விழுந்தது என்பதற்கு மட்டும் ஆவணம் கிடையாது. கணக்கெடுப்புக்காரர் கேட்டால் "விலைவாசி" என்பார்கள், டீக்கடையில் கேட்டால் வேட்பாளரின் மைத்துனரைப் பற்றிக் கதைப்பார்கள். ஆகவே கீழே வருகிற எண்களை நம்பி எடுத்துக்கொள்ளுங்கள். காரணங்களை என் கணிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

"விவசாயி" என்ற ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு தொடங்குவதில்தான் பலருக்கும் கணக்குப் பிசகுகிறது. 2011 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ பயிர் செய்பவர்கள் ஏறத்தாழ 11.9 கோடிப் பேர். அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்குபவர்கள் 14.4 கோடிப் பேர். தமிழ்நாட்டில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. பயிர் செய்பவர்களைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கூலித் தொழிலாளர்கள். ஆக, நாம் வயற்காட்டுத் தொகுதி என்று சொல்கிற இடத்தில் வாக்காளர் பட்டியலை விரித்தால் நிலம் உள்ளவர் சிறுபான்மை. அந்தச் சிறுபான்மைக்குள்ளும் ஒருவர் தஞ்சாவூர் நகரத்தில் வீடு கட்டிக்கொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பார். ஒருவர் கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதுகொண்டிருப்பார். இன்னொருவருக்கு முக்கால் ஏக்கர். அதில் பாடுபட்டுவிட்டு மிச்ச நாளில் திருப்பூருக்குப் போய் வேலை செய்வார்.

நெல் விலை ஏறினால் ஆள் வைத்துப் பயிர் செய்கிற நிலக்காரருக்குச் சந்தோசம். கூலி ஏறினால் அவருக்கே வயிற்றெரிச்சல். மத்திய அரசு 2019 முதல் ஆண்டுக்கு 6,000 ரூபாயை 2,000 வீதம் மூன்று தவணையாக வங்கியில் போடுகிறதே, அது நிலப் பட்டா உள்ள குடும்பத்துக்குத்தான். குத்தகைக்காரருக்குச் சேறு மட்டும் மிச்சம். கிராமத்து வீடுகளுக்கு அரசு ஆண்டுக்கு நூறு நாள் கூலி வேலை கொடுத்த நூறு நாள் வேலைத் திட்டத்தை எடுங்கள். ஒரே வரப்பில் நின்று இரண்டு பேர் அதைப் பற்றிச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். நிலக்காரர், "அந்த வேலை வந்ததிலேருந்து நடவுக்கு ஆளே கெடைக்கல" என்றார். களை பறித்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே, "அதுவும் இல்லாட்டி சித்திர வைகாசியில எங்க வீட்டுல அடுப்பு எரியாது" என்றார். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தை மாற்றிப் புதிய சட்டம் வந்தபோது, நாள் கணக்கை 125 ஆக்கியதோடு விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள்வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும் எழுதினார்கள். நிலக்காரர் கேட்டது அது. அந்த அம்மா கேட்டது அதுவல்ல. இரண்டு பேரும் ஒரே வாக்குச்சாவடிக்குத்தான் போகிறார்கள்.

இந்தப் பிளவு நேற்று வந்ததும் அல்ல. கீழத் தஞ்சையில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது கூலிப் பிரச்சினையில். கொன்ற பக்கமும் செத்த பக்கமும் ஒரே வயல்களை நம்பி வாழ்ந்தவை. நாகப்பட்டினத்திலும் திருத்துறைப்பூண்டியிலும் இன்றுவரை செங்கொடி நிற்பதற்கு அந்த வரலாறு ஒரு காரணம். நாகப்பட்டினம் பாராளுமன்றத் தொகுதியில் 2019இலும் 2024இலும் வென்றது இந்திய கம்யூனிஸ்ட் கட்சி. அதை "விவசாயிகள் வாக்கு" என்று செய்தியில் எழுதிவிடலாம். ஆனால் அதில் பெரும்பங்கு நிலமில்லாதவரின் வாக்கு, அதோடு திமுக கூட்டணியின் கணக்கு.

நாகப்பட்டினத்தைச் சொன்னதால் நம்மூர்க்காரருக்கு ஒன்று. கொழும்பில் இருந்து பார்த்தால் அந்தத் தொகுதி என்றாலே மீனவர் கைது, இழுவைப் படகு, கச்சதீவு. கரையோரச் சாவடிகளில் அது உண்மைதான். கரையை விட்டு மேற்கே கொஞ்சத் தூரம் உள்ளே போனால் அந்தப் பேச்சே கிடையாது. அங்கே மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பதுதான் காலைச் செய்தி. 2024இல் பிரசாரத்தின் நடுவில் பாஜகவினர் கச்சதீவைக் கிளப்பிப் பார்த்தார்கள். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றுகூட பாஜகவுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு முந்தியதும் நமக்கு நினைவிருக்கும். 2009 மே 13 அன்று, இங்கே போர் முடிகிற கடைசி நாட்களில், தமிழ்நாடு வாக்களித்தது. திமுக காங்கிரஸ் அணி 27 இடம் எடுத்தது. அவர்களுக்கு நம்மேல் இரக்கம் இருக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். இரக்கம் வேறு வழியில் போகும், வாக்கு வேறு வழியில் போகும்.

சரி, டெல்டாக்காரரை உண்மையில் எது அரிக்கிறது? வெளியே இருந்து பார்ப்பவர்கள் காவிரி என்பார்கள். காவிரி பெரிய விஷயம்தான். குறுவை நெல்லுக்கு மேட்டூரை ஜூன் 12 திறக்க வேண்டும் என்பது அங்கே சித்திரைப் புத்தாண்டு மாதிரி எல்லாருக்கும் தெரிந்த நாள். 120 அடி அணை, நிறைந்தால் 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவர் மன்றம் 1990இல் அமைந்து, 2007இல் இறுதித் தீர்ப்புச் சொல்லி, 2018 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் திறந்துவிட வேண்டிய அளவை 177.25 டி.எம்.சி. என்று குறைத்து முடித்துவைத்தது. ஆனால் தேர்தலில் காவிரி அவ்வளவாக வேலை செய்யாது என்பது என் கணிப்பு. காரணம் எளிது: தமிழ்நாட்டில் எந்தக் கட்சியும் தண்ணீர் வேண்டாம் என்று சொல்வதில்லை. திட்ட வேண்டிய ஆள் கர்நாடகத்தில் இருக்கிறார்; அவருக்கு எதிராகத் தஞ்சாவூரில் வாக்குப் போட முடியாது. காவிரியின் உள்ளூர் முகம்தான் வாக்கைத் தொடும். வாய்க்கால் தூர்வாரினார்களா, தூர்வாரிய ஒப்பந்தக்காரர் யாருடைய ஆள், கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா. தலைமடையில் இருப்பவரும் கடைமடையில் இருப்பவரும் ஒரே கட்சியைக் குறை சொல்லமாட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் நேரில் பார்த்தவரை அங்கே ஆளை உண்மையிலேயே கொதிக்க வைக்கிற இடம், அரசு விவசாயியிடம் நெல் வாங்குகிற நேரடி நெல் கொள்முதல் நிலையம். சம்பா அறுவடை முடிந்த நேரம், பொங்கல் கழிந்து இரண்டொரு வாரம், டெல்டாவில் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நிலையத்துக்கு முன்னால் களம் முழுக்கக் குவியல் குவியலாக நெல். ஒவ்வொரு குவியலுக்கும் மேலே படுதா, பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டில், கட்டிலில் ஒரு ஆள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். மத்தியானம் காய வைத்து 17க்கு இறக்குவார்கள். இரவுப் பனியில் அது திரும்ப ஏறும். காலையில் கருவியை வைத்தால் 19 காட்டும். மறுபடி கிளறிக் காய வைப்பார்கள். ஈரம் சரியாக இருக்கிற நாளில் சாக்கு இருக்காது. சாக்கு வந்த நாளில், பிடித்த மூட்டைகளை ஏற்றிப்போக லொறி வராததால் உள்ளே அடுக்க இடமிருக்காது. நாற்பது கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வைத்தால் வரிசை கொஞ்சம் நகரும் என்று அங்கே கட்டிலில் இருந்த எல்லாரும் சொன்னார்கள். வெளியூர் வியாபாரியின் நெல் மட்டும் இரவோடு இரவாக ஏறிவிடும் என்றும் சொன்னார்கள்.

மாமனார் முறையான ஒருவர் அங்கே ஐந்தாறு நாளாகக் கிடந்தார். தேர்தலில் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று வாக்குறுதி கொடுத்திருக்கிறார்களே என்று நான் கேட்டேன். "வெல கெடக்கட்டும் மாப்ள, மொதல்ல இத எடுத்துக்கச் சொல்லுங்க. மழ வந்தா அந்த வெலய வச்சு என்ன செய்றது?" என்றார். 2021 தேர்தலில் திமுக சொன்ன அந்த 2,500 ரூபாய், மத்திய அரசின் ஆதார விலையோடு மாநில ஊக்கத்தொகையும் சேர்ந்து, சாதாரண ரக நெல்லுக்கு 2025 செப்டெம்பரில்தான் முழுதாகக் கைக்கு வந்தது. விஞ்ஞாபனத்தில் எழுதுகிற விலை டில்லியில் இருந்தும் சென்னையில் இருந்தும் வரும். களத்தில் படுகிற பாடு உள்ளூர் அதிகாரியில் இருந்து வரும். அந்த அதிகாரியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. நம் நெல் சந்தைப்படுத்தும் சபைக் களஞ்சியம் எப்போது திறக்கும் என்று அறுவடை நேரத்தில் காத்துக் கிடந்த குடும்பம் உங்களுடையதாக இருந்தால் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இனி, கோபம் வாக்காக மாறிய இடங்களைப் பார்ப்போம். எனக்குத் தெரிந்து மிகத் துப்புரவான உதாரணம் தெலங்கானாவின் நிஜாமாபாத், 2019. மஞ்சள் விளைகிற பகுதி. மஞ்சளுக்குத் தனி வாரியம் வேண்டும், விலை வேண்டும் என்று கேட்டுச் சலித்த விவசாயிகள் 178 பேர் சுயேச்சையாக வேட்புமனுப் போட்டார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். ஒவ்வொரு சாவடியிலும் ஒரு டசின் வாக்குப்பதிவு இயந்திரங்களை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. அப்போதைய முதலமைச்சரின் மகள் கவிதாதான் அங்கே எம்.பி. எதிரே நின்ற பாஜக வேட்பாளர், வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கவிதா தோற்றார். வாரியம் வர 2025 ஜனவரியாகிவிட்டது என்பது வேறு கதை; அதற்கு முந்தியே, 2024 தேர்தலில், அதே ஆள் மறுபடி வென்றிருந்தார்.

இரண்டாவது, நம் அடுப்படியோடு சம்பந்தப்பட்டது. 2023 டிசம்பரில் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் விலை என்ன ஆட்டம் ஆடியது என்று நினைவிருக்கிறதா? இங்கே நாம் கூடுதல் விலை கொடுத்த அதே மாதங்களில் அங்கே நாசிக் மாவட்டத்தில் விவசாயி விலை விழுந்து நின்றார். இந்திய நகரத்து வாக்காளருக்கு வெங்காயம் மலிவாகக் கிடைக்க வேண்டும். 1998இல் வெங்காய விலை ஏறி டில்லி மாநில ஆட்சி போன கதையை எந்த அரசும் மறக்காது. 2024 மே 4 அன்று, வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தடையை எடுத்தார்கள். கூடவே தொன்னுக்கு 550 டொலர் குறைந்தபட்ச விலை, 40 சதவீத வரி. மே 20 அன்று வாக்களித்த, அதே நாசிக் மாவட்டத்துத் திண்டோரித் தொகுதியில் மத்திய இணை அமைச்சர் பாரதி பவார் ஒரு பள்ளி ஆசிரியரிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். இதில் ஒரு வேடிக்கை: வென்ற பாஸ்கர் பகரேயின் பெயரையும் சின்னத்தையும் ஒத்த பெயரும் சின்னமும் கொண்ட ஒரு சுயேச்சைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. அத்தனை வாக்குச் சிதறியும் அமைச்சர் தப்பவில்லை.

இந்த இரண்டு இடத்திலும் பொதுவாக இருப்பது என்ன? ஒரே பயிர், ஒரே விலை. சாதி எதுவானாலும் எல்லாரும் அதே சந்தைக்கு அதே மூட்டையைக் கொண்டுபோகிறவர்கள். குற்றம் சொல்ல ஒரு முகம் தொகுதியிலேயே நின்றது. அந்த முகத்தைத் தோற்கடிக்கக்கூடிய பெரிய கட்சி ஒன்றும் எதிரே நின்றது. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நமக்கு மாவட்ட விகிதாசாரம் பழக்கம். சின்னக் கட்சிக்குப் போட்ட வாக்கும் ஒரு ஆசனத்துக்காவது உதவக்கூடும் என்ற நம்பிக்கை இருக்கும். அங்கே ஒரு தொகுதிக்கு ஒருவர்தான், ஒரு வாக்கு கூட எடுத்தவர் வென்றவர். வெல்லாத ஆளுக்குப் போட்ட வாக்கு வீண் என்று எல்லாருக்கும் தெரியும்.

பஞ்சாப் இதற்குச் சாட்சி. டில்லிப் போராட்டத்தை நடத்திய சங்கத் தலைவர்கள் பலர் சேர்ந்து 2022 சட்டசபைத் தேர்தலில் தனி அணியாக நின்றார்கள். ஓர் இடமும் கிடைக்கவில்லை. முன்னணித் தலைவர் பல்பீர் சிங் ராஜேவால் சம்ராலா தொகுதியில் கட்டுப்பணத்தையே இழந்தார். அதே பஞ்சாபியர் ஆம் ஆத்மி கட்சிக்கு 117இல் 92 இடத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். கோபம் இல்லாமல் போகவில்லை. பழைய கட்சிகளை மொத்தமாகத் துடைக்கக்கூடிய கைக்குப் போய்விட்டது.

தமிழ்நாட்டில் இதைவிடப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1996இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சி சட்டசபைத் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். கோரிக்கைகளை யாரும் காதில் போடவில்லை என்று விவசாய சங்கத்தினர் கூட்டமாக மனுப் போட்டார்கள். தேர்தலைத் தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. வென்றது திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். நின்ற விவசாயிகளில் பலருக்கு ஒற்றை வாக்குகூட விழவில்லை. அதாவது அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை! இப்படியான திரள் மனுக்கள் அந்த ஆண்டு வேறு மாநிலங்களிலும் நடந்ததால் கட்டுப்பணத்தைப் பல மடங்கு உயர்த்தினார்கள். நிஜாமாபாத்துக்கும் இதற்கும் வித்தியாசம், அங்கே சுயேச்சைகளின் கூச்சலுக்கு மேலே ஒரு பெரிய கட்சி அதே கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றதுதான். அதே மொடக்குறிச்சியில் 2021இல் அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் 281 வாக்கில் பாஜகவிடம் தோற்றதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

தனிக் கட்சி ஏன் நிலைக்கவில்லை என்பதற்கும் மொடக்குறிச்சி இருக்கிற கொங்குப் பகுதியிலேயே விடை கிடைக்கும். விவசாய சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு எழுபதுகளில் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோயம்புத்தூரை மாட்டுவண்டிகளால் அடைத்தவர். துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி எல்லாம் பார்த்த இயக்கம். ஆனால் அவர் கட்சி தொடங்கியதும் வாக்கு வரவில்லை. ஏன்? அவர் கேட்டதைப் பெரிய கட்சிகளே எடுத்துக் கொடுத்துவிட்டன. 1984இல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தார். 1989இல் வந்த கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் ஆக்கியது. கோரிக்கை வென்றது, கட்சி தோற்றது. தமிழ்நாட்டுக் கட்சிகள் இந்த வித்தையில் கைதேர்ந்தவை. விதிவிலக்கு இல்லாமலும் இல்லை: கர்நாடகத்தில் மண்டியா மாவட்டம் மேலுகோட்டையில் விவசாய சங்கத் தலைவர் புட்டண்ணய்யா 2013இல் வென்றார், 2023இல் அவர் மகன் தர்சன் வென்றார். கரும்பும் நெல்லும் விளைகிற, சங்கம் வேரூன்றிய ஊர்கள். மகன் நின்றபோது காங்கிரஸ் வேட்பாளரை நிறுத்தாமல் வழிவிட்டது.

இப்போது நீங்கள் கேட்ட உத்தரப் பிரதேசம். 2021 அக்டோபர் 3 அன்று லக்கிம்பூர் கேரியில் போராடியவர்கள்மேல் வாகனம் ஏற்றப்பட்டது; அதிலும் அதைத் தொடர்ந்த கலவரத்திலுமாக எட்டுப் பேர் செத்தார்கள். மத்திய இணை அமைச்சரின் மகன் கைதானார். ஐந்து மாதம் கழித்து அந்த மாவட்டத்தின் எட்டுச் சட்டசபைத் தொகுதியையும் பாஜக வென்றது. இது உறுதி. காரணம் என்று எனக்குத் தோன்றுவது: போராட்டத்தின் முதுகெலும்பாக இருந்த சீக்கிய விவசாயிகள் அந்த மாவட்டத்தில் சிறுபான்மை, மற்ற வீடுகளுக்கு இலவச அரிசி கோதுமை வந்துகொண்டிருந்தது, சாதிக் கூட்டுக் கணக்கு ஆளும் கட்சிப் பக்கம் நின்றது. 2024இல் கணக்கு மாறியது. அதே அமைச்சர் கேரி பாராளுமன்றத் தொகுதியில் சமாஜ்வாதியிடம் தோற்றார். அதை அந்தச் சாவுகளுக்கு வந்த தண்டனை என்று எழுதினவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேர்தலில் மாநிலம் முழுவதுமே பாஜக சரிந்தது. ஆகவே கேரியில் மட்டும் அதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

டெல்டாவின் 2021 முடிவு எனக்கு இதைவிட ருசிகரமானது. எடப்பாடி பழனிசாமியின் அதிமுக அரசு 2020 பெப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மண்ணுக்குக் கீழே எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்துச் சனம் நின்றதற்கு அது பதில். 2021 பெப்ரவரியில், தேர்தலுக்குச் சற்று முன், கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தார்கள், 16.43 லட்சம் விவசாயிகள். விவசாயி விவசாயியாக மட்டும் வாக்களிப்பவராக இருந்தால் டெல்டா அதிமுகவுக்கு விழுந்திருக்க வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்தின் எட்டில் அதற்குக் கிடைத்தது ஒரத்தநாடு ஒன்று. திருவாரூரின் நான்கில் நன்னிலம் ஒன்று. மயிலாடுதுறை மாவட்டத்தில் ஒன்றும் இல்லை. வேளாண் சட்டங்களைப் பாராளுமன்றத்தில் ஆதரித்ததற்கான தண்டனை என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். என் கணிப்பில் முன்னுக்கு நிற்பவை வேறு: கூலித் தொழிலாளர் வாக்குள்ள இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் திமுகவோடு ஒரே அணியில் நின்றது; அதிமுகவில் இருந்து பிரிந்த தினகரனின் அமமுக தனியே நின்று அதிமுகவின் சமூக வாக்கை அறுத்தது; பத்து வருட ஆட்சிமேல் வந்த சலிப்பு. கடன் தள்ளுபடி நிலமில்லாத வீட்டுக்கு ஒரு சதமும் கொண்டுவராது என்பதையும் மறக்கக்கூடாது. அந்த வீடுகள்தான் அதிகம்.

காசு வாங்குகிறார்களா? வாங்குகிறார்கள். 2016இல் பணம் பட்டுவாடாவால் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவையே நிறுத்திவைத்த இரண்டு தொகுதிகளில் ஒன்று தஞ்சாவூர். ஆனால் வாங்கினவர் வாங்கினபடி போடுகிறார் என்பது வேறு கூற்று. அதற்கு ஆதாரம் மெலிது. இரு பக்கமும் கொடுக்கும், இரு பக்கமும் வாங்குவார்கள், மறைப்புக்குள் போனபின் பார்க்க ஆளில்லை. கொடுப்பதால் வெற்றி வருவதைவிடக் கொடுக்காததால் "நம்மை மதிக்கவில்லை" என்ற கோபம் வருவதுதான் அதிகம் என்று கட்சிக்காரர்களே சொல்வார்கள். ஒரு இரவில் வருகிற பணத்தைவிட மாதாமாதம் வருகிற பணம் பலமானது. தமிழ்நாட்டில் 2023 செப்டெம்பர் முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் போகத் தொடங்கியது. மகாராஷ்டிரத்தில் வெங்காயக் கோபத்தில் ஆளும் கூட்டணியை அடித்த சனம், ஆறு மாதம் கழித்து 2024 நவம்பரில் அதே கூட்டணிக்கு 288இல் 230 இடத்தைக் கொடுத்தது. இடையில் ஓகஸ்டில் இருந்து பெண்கள் கணக்கில் மாதம் 1,500 ரூபாய் விழத் தொடங்கியிருந்தது. இதை வாக்கு விற்பனை என்று கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து சொல்வது சுலபம். நெல் வருடத்துக்கு இரண்டு தடவை காசு காட்டும், அதுவும் ஆம்பிளையின் கைக்கு. அந்த 1,000 ரூபாய் பெண்ணின் பெயருக்கு வருகிறது. வயல் வேலையில் பாதிக்கு மேல் செய்கிறவர் அவர்.

இவ்வளவு வெறுப்பிருந்தால் தேர்தலை ஏன் புறக்கணிப்பதில்லை என்றும் கேட்கத் தோன்றும். புறக்கணிப்பார்கள், அறிவிப்பதற்காகவே பெரும்பாலும். ரோடு இல்லை, பாலம் இல்லை, சுடுகாட்டுப் பாதை இல்லை என்று ஊர் முகப்பில் பதாகை கட்டுவார்கள், வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி ஏற்றுவார்கள். வாக்குப்பதிவன்று காலையில் சாவடி வெறிச்சோடிக் கிடக்கும். பத்து மணிபோல் தாசில்தார் ஜீப்பில் வருவார், கூட ஒரு பொலிஸ் அதிகாரி. வேப்பமரத்தடியில் பேச்சுவார்த்தை, எழுத்தில் ஒரு உறுதி, மத்தியானத்துக்குமேல் வரிசை நிற்கத் தொடங்கும். எம்.எல்.ஏ. ஐந்து வருடத்தில் தராத காது அந்த நான்கு மணித்தியாலத்தில் கிடைத்துவிடுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். கடைசிவரை விடாப்பிடியாக நின்ற ஊர்களும் உண்டு. பரந்தூர் விமான நிலையத்துக்கு வயலையும் ஏரியையும் எடுப்பதை எதிர்த்து ஏகனாபுரம் 2024 பாராளுமன்றத் தேர்தலில் அப்படித்தான் நின்றது; சாவடிக்கு வந்தவர்கள் மிகச் சிலர். காஞ்சிபுரம் தொகுதியில் ஆளும் திமுகவின் வேட்பாளர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார்; ஊர்க்காரர் போராட்டத்தை நிறுத்தவில்லை.